கரும்பருந்து பற்றி நீங்கள் அறியாதவை

— அந்தப் பூனைக்கு என்ன பேருன்னு இன்னமும் கேட்டு எழுதறாங்கக்கா. அதுல இருந்தே ஆரம்பிக்கலாமுங்களா?

— எந்தப் பூனை தம்பி?

— நம்ம படக்கதையில, கப்பல்ல இருக்கற பூனைங்க. சுக்கானுக்குப் பக்கத்துல எந்நேரமும் சுருண்டு படுத்திருக்குமே. பதினஞ்சாம் வருச மலருக்கு நடுப்பக்கம் பூரா இந்த மாதிரித் துணுக்குதான். “கரும்பருந்து பற்றி நீங்கள் அறியாதவை.” கொள்ளைக்காரக் கப்பலுக்குப் பூனை எப்படி வந்துச்சுன்னு தாஸ் அண்ணன் சொன்னாருன்னா...

— அவருதான் ஊட்டுல இல்லீங்களே. ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போர்டு எழுதப் போயிருக்காரு.

— வரட்டுமுங்க. அது வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. சேலத்துல இருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டே வந்திருக்கேன்.

— வாந்தி எடுத்தீங்களா?

— கடைசி வளைவுலங்க.

— மொகம் இன்னும் வெளிறித்தான் இருக்குது. கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்புங்க... ம், போதும்.

— எதுக்குங்கக்கா?

— ஒண்ணுமில்லீங்க. இந்தாங்க, காப்பியக் குடிங்க. பேரு என்னன்னு சொன்னீங்க?

— கந்தசாமிங்க. பிரஸ்ல துணை ஆசிரியர். அண்ணன் படம் போட்டு அனுப்புவாரு, கட்டத்துக்குள்ள வசனம் எழுதறது நானு.

— ஓ, அது நீங்கதானா... கேப்டன் ஆழியன் நொம்பப் பேசறாருங்க தம்பி.

— என்னுங்கக்கா இப்படிச் சொல்லிப்புட்டீங்க.

— கத்தி எடுத்தா ஒரு பேச்சு. கத்தியை ஒறையில போட்டா ஒரு பேச்சு. அலையை அத்தனை பாடுபட்டுப் போட்டா, அது மேலயே வசனத்தை ஒட்டி மறைச்சர்றீங்க.

— அண்ணன் சொன்னாருங்களா?

— ஆமா... அவருதான் சொன்னாரு.

— சரிங்க, இனிமே குறைச்சுக்கறேன். பூனை?

— அது பூனையே இல்லீங்க. மை.

— மையா?

— மைப்புட்டி சாஞ்சு வரைஞ்ச பக்கத்து மேல கொட்டிருச்சு. வேற தாள்ல முழுசாப் போட நேரமில்ல, காலையில மொத பஸ்சுக்குக் குடுத்தனுப்போணும். கொட்டின எடத்துக்கு ரெண்டு காதும் ஒரு வாலும் வெச்சு விட்டாச்சு. அடுத்த மாசம் பூனை எங்கேன்னு நூறு பேரு எழுதிக் கேட்டுட்டாங்க. அப்பறம் அதைக் கப்பல்ல இருந்து எறக்கவே முடியல.

— இது நல்லா இருக்குங்க. அண்ணன் கை பட்டுச் சாஞ்சுதுங்களா?

— கைதான் பட்டுச்சு. எழுதிக்குங்க.

— கேப்டன் கழுத்துல எப்பப் பாத்தாலும் ஒரு துண்டு சுத்தியிருக்குதே? அவங்க அம்மா குடுத்த துண்டுன்னு நானே ஒரு இதழ்ல வசனம் வெச்சேன்.

— அதைப் படிச்சுட்டுச் சிரிச்சோம். மொத மூணு இதழ்ல கழுத்து சரியாவே வரலீங்க தம்பி. தலையை எடுத்துத் தோள்மேல வெச்ச மாதிரி இருக்கும். அதுக்குத்தான் துண்டு. நாலாவது இதழ்ல இருந்து கழுத்து நல்லா வந்துச்சு. ஆனா துண்டை எடுக்க முடியுமா? சனம் பழகிருச்சு, அப்பறம் நீங்க வேற வந்து, உசுரே போனாலும் துண்டை உடமாட்டேன்னு எழுதிட்டீங்க.

— நாலாவது இதழ்ல எப்படிங்க திடீர்னு கழுத்து வந்துச்சு?

— பழக்கந்தான்... கையி பழகிருச்சு.

— புயல் வர்ற கதையில, கப்பல்ல எல்லாரும் மயங்கிக் கெடப்பாங்களே. அந்த மொகமெல்லாம் அத்தனை நெசமா இருந்துச்சு. கப்பல்லயே போனவரு வரைஞ்சதுன்னு ஒருத்தர் நாகப்பட்டினத்துல இருந்து எழுதியிருந்தாரு.

— கப்பலும் இல்ல, ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுக்கிட்டா, சேலம் பஸ்சுல இருந்து எறங்கறவங்க அத்தனை பேரும் அந்த மொகத்தோடதான் எறங்குவாங்க. உங்க மொகம் இருக்குதே, அடுத்த புயலுக்கு அப்படியே ஆகும்.

— அதுக்குத்தான் சன்னல் பக்கம் திரும்பச் சொன்னீங்களா?

— ...காப்பி ஆறுது தம்பி.

— குடிக்கறேனுங்க. கடலைப் பத்தி ஒண்ணு கேக்கோணும். தூத்துக்குடி ஆர்பர்ல வேலை செய்யற ஒருத்தர் திட்டியே எழுதியிருந்தாரு. கரும்பருந்து ஓடற கடல் எந்த ஊருக் கடலும் இல்ல, அலையெல்லாம் பொகை மாதிரி இருக்குதுன்னு.

— அவரு சொன்னது நெசந்தானே.

— அப்படிங்களா?

— தை மாசம் காலையில பாறைமேல போயி நின்னு பாருங்க. கீழ சேலமே தெரியாது. பனிமூட்டம் வெள்ளையா அப்படியே ரொம்பி நிக்கும். நடுவுல ஒவ்வொரு கரட்டுக் குன்றும் தீவு மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டு இருக்கும். அதான் எங்க கடல். வேற கடலைப் பாத்தவங்க யாரு இங்க? நான் பதினஞ்சு வருசமா வரைஞ்சும் ஒருக்காக் கூட...

— நீங்க வரைஞ்சும்?

— அவரு வரைஞ்சும்னு சொன்னேன்.

— நீங்கன்னு காதுல விழுந்துச்சுங்க.

— பஸ்சுல வந்தா காது அடைச்சுக்கும் தம்பி. கொட்டாவி விட்டீங்கன்னா சரியாப் போயிரும்.

— சரிங்க... அண்ணன் எப்ப வருவாரு?

— கிளியூர் போயிருக்காரு. பொழுதாயிருமுங்க.

— ஒண்டிக்கடைன்னு சொன்னீங்களே.

— ஒண்டிக்கடையில முடிச்சுட்டுக் கிளியூரு.

— ஒண்டிக்கடையிலதான் நான் பஸ் எறங்கினேனுங்க. எந்த லாட்ஜுலயும் போர்டு எழுதற ஆளைக் காணலீங்க.

— நீங்க துணுக்கு எழுத வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?

— கோவிச்சுக்காதீங்கக்கா. கேக்கோணும்னு தோணுச்சு.

— ...பென்சில் வெச்சிருக்கீங்களா?

— இருக்குதுங்க.

— குடுங்க இங்க. அந்தத் தாளையும் குடுங்க. அசையாதீங்க... வாயை மூடுங்க தம்பி, பேசினா தாடை ஆடுது... ம். இந்தாங்க, பாருங்க.

— அடேயப்பா... இது நானு. கப்பல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்கற மாதிரி...

— எழுதிக்குங்க. மொத மூணு இதழ் அவரு. நாலுல இருந்து நேத்து முடிச்ச பக்கம் வரைக்கும் நானு. அவருக்கு எழுத்துத்தான் நல்லா வரும். போர்டு எழுதினாருன்னா பாத்துக்கிட்டே நிக்கலாம். ஆளு படம் போட்டா, அவரே சிரிப்பாரு. எனக்குப் பள்ளிக்கொடத்துல இருந்தே கையி அப்படி. ஒருக்காக் காச்சல்ல அவரு படுத்துட்டாரு, பக்கம் அனுப்பற நாளு வந்துருச்சு, நான் போட்டேன். மைப்புட்டியைத் தட்டினதும் நாந்தான்.

— பேரு மட்டும் ஏனுங்க ‘தாஸ்’னே போட்டீங்க?

— நாங்களா போட்டோம்? அடுத்த மாசமே ரெண்டு பேரும் சேலத்துக்கு வந்தோம். உங்க முதலாளிகிட்ட இவருதான் சொன்னாரு, இனிமே என் சம்சாரம் பேரைப் போடுங்கன்னு. முதலாளி எங்களை உக்காரக் கூடச் சொல்லல. “கொள்ளைக்காரன் கதையைப் பொம்பள வரையறான்னு தெரிஞ்சா எவன்யா வாங்குவான், புருசன் பேரு இருந்தாப் போடறேன், இல்லாட்டி வேற ஆளைப் பாக்கறேன்”னாரு. இவரு எந்திரிச்சுப் போயிரலாம்னாரு. நாந்தான் கையைப் புடிச்சு நிறுத்தினேன். எனக்குக் கப்பல் வேணும்னு இருந்துச்சு.

— சும்மா வந்துட்டீங்களா?

— சும்மா வருவனா? அரைமணி நேரம் நிக்க வெச்சாரில்ல, நல்லா மொகத்தைப் பாத்துக்கிட்டேன். அந்த ரெட்டைத் தாடை. காதுல இருக்கற மசுரு. சுண்டு விரல்ல மோதரம். ஊட்டுக்கு வந்ததும் நம்ம கதை வில்லன் கவர்னர் பிந்தோவை அந்த மொகத்தோடயே வரைஞ்சேன்.

— பிரஸ்ல அத்தனை பேருக்கும் தெரியுமுங்க.

— எது?

— கவர்னர் மொகம் முதலாளி மொகம்னு. மெசின்காரரு தங்கராஜ், அவரைப் பாத்தாலே வாய்க்குள்ள “கவர்னர் வர்றாரு”ம்பாரு. முதலாளிக்கு மட்டும்தான் இன்னும் தெரியல. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ரூம்ல மாட்டியிருக்காரு.

— மாட்டியிருக்காரா?

— நாற்காலிக்கு நேரா மேலங்க. கீழ அவரு, மேல அவரு.

— ஐயோ... பதினஞ்சு வருசத்துல இது ஒண்ணு போதும் தம்பி எனக்கு.

— இதைத் துணுக்குல போட முடியாதுங்களே.

— ஏன் முடியாது?

— போட்டா... சரி, வேலாயி கதையைச் சொல்லுங்க. கரும்பருந்துல ஒரே ஒரு பொம்பளக் கொள்ளைக்காரி, நாலே இதழ்ல செத்துப் போனா. நெஞ்சுல குண்டு பட்டு, கப்பல்ல இருந்து கடல்ல விழுந்துட்டா. அன்னிக்கு வந்த மாதிரி கடுதாசி அப்பறம் வந்ததே இல்லீங்க.

— அவளைச் சாகடிக்கச் சொன்னது யாரு?

— முதலாளிங்க. கேப்டனை விடக் கத்தி நல்லா வீசறான்னு கோவம்.

— நான் சாகடிக்கவே இல்ல.

— என்னுங்கக்கா, பக்கம் இருக்குதே. விழுந்தாளே.

— விழுந்தா. மூழ்கினான்னு வரைஞ்சிருக்கனா? தேடிப் பாருங்க. விழுந்த கட்டத்துக்கு அடுத்த கட்டத்துல தண்ணி மட்டுந்தான் இருக்கும். நீங்கதான் “வேலாயி மாண்டாள்”னு கீழ எழுதினீங்க.

— ...ஆமாங்க. நாந்தான் எழுதினேன்.

— அடுத்த இதழ்ல கப்பல்ல புதுசா ஒரு ஆளு வந்தானே, தெரியுமா?

— ஊமையனுங்களா? தலைப்பாகைத் துணியால பாதி மொகத்தைக் கட்டிக்கிட்டு, பாய்மரக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பானே. ஒரு வசனம் கூட இல்லாத ஆளு.

— இடது கையில கத்தி வெச்சிருப்பான். கப்பல்ல இடது கைக்காரங்க யாரு யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

— வேலாயி...

— அவளேதான். அன்னியில இருந்து ஒரு இதழ் உடாம அவ கப்பல்லயேதான் இருக்கறா. உங்க முதலாளி ஒவ்வொரு பக்கத்தையும் பாத்துப் பாத்துத்தான் அச்சுக்கு அனுப்பறாரு. அவரு மூக்குக்கு முன்னாடியே நிக்கறா.

— இது எல்லாத்தையும் விடப் பெரிய துணுக்குங்கக்கா.

— போடுங்க, வேண்டாங்கல. ஆமா, மலருக்கு அப்பறம் என்ன கதை தம்பி? அதைச் சொல்லவே மாட்டேங்கறீங்க.

— அப்பறம் பாத்துக்கலாமுங்க.

— போன மாசம் கதை எழுதி அனுப்பினீங்களே, அதுல கேப்டனைத் தூக்குமேடையில ஏத்தச் சொல்லியிருந்துச்சு. கவர்னர் கையைத் தூக்கறாரு, அதோட நின்னுருச்சு. மிச்சம் எங்க?

— மிச்சம் முதலாளி வாயால சொன்னாருங்க.

— என்ன சொன்னாரு?

— கடைசிக் கட்டத்துல கயிறு மட்டும் ஆடோணுமாம். கீழ “முற்றும்”னு போடோணுமாம்.

— முற்றுமா?

— பம்பாயில இருந்து வெளிநாட்டுப் படக்கதை, அச்சடிக்கற பிளாக்கோடயே சல்லிசா வருதாம். இந்த மலரோட கரும்பருந்தை நிறுத்தறாங்க அக்கா. கடைசிப் பக்கங்களை வாங்கிட்டு வரச் சொல்லித்தான் என்னைய அனுப்பினாரு.

— துணுக்குன்னீங்களே.

— துணுக்கும் நெசந்தானுங்க. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பூனையைப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

— தூக்குமேடைன்னு படிச்சப்பவே நெனச்சேன். நல்லது. பக்கமெல்லாம் தயாரா இருக்குது. அந்தப் பொட்டி மேல, துணி சுத்தி இருக்கும் பாருங்க. எடுங்க.

— வரைஞ்சுட்டீங்களா? கேப்டனைத் தூக்குலயா...

— எடுத்துப் பாருங்களேன்.

— தூக்குமேடை... கவர்னர் கையைத் தூக்கறாரு... சனமெல்லாம் பாக்குது... தொங்கற கயிறு... இது யாருங்க மேடைமேல ஏர்றது? ஊமையன். தலைப்பாகையை அவுக்கறான்... ஐயோ, வேலாயி.

— அடுத்த பக்கம்.

— கயித்தை வெட்டிட்டா. கவர்னரு மேடையில இருந்து சேத்துல விழறாரு... மோதரம் போட்ட கை மட்டும் சேத்துக்கு மேல தெரியுது. கடைசிக் கட்டம், கப்பல். சுக்கானைப் புடிச்சிருக்கறது வேலாயி. ‘முற்றும்’ எங்கீங்க?

— போடல. போடவும் மாட்டேன். நிறுத்தறதுன்னா அவரு நிறுத்திக்கட்டும், கடையைக் காலி பண்ணிக்கட்டும். என் ஆளுங்களை நான் கொல்லமாட்டேன். கயிறு மட்டும் ஆடோணும்னா அவரு வந்து வரைஞ்சுக்கட்டும்.

— வேலாயி வாய்க்குப் பக்கத்துல வசனத்துக்குக் கட்டம் விட்டிருக்கீங்களே. காலியா இருக்குது.

— வசனம் உங்க வேலையாச்சே. அத்தனை வருசம் வாயைத் தொறக்காம இருந்தவ. நல்லதா எழுதுங்க. நீட்டாதீங்க.

— “நான் சாகல.”

— ம்?

— அவ்வளவுதானுங்க. “நான் சாகல.” போதுமுங்களா?

— ...போதும் தம்பி. இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க இந்த மாதிரி வசனத்தையெல்லாம்.

— முதலாளி திருச்செந்தூர் போயிருக்காருங்க. வர நாலஞ்சு நாளாகும். இன்னிக்கே கொண்டு போனா, அவரு வர்றதுக்குள்ள அச்சாயி, கட்டாயி, ஊரு ஊருக்குப் பஸ் ஏறிரும். நான் கொண்டு வர்றதை அப்படியே அச்சடிக்கறேன்னு தங்கராஜ் ஒத்துக்கிட்டாரு.

— வந்து பாத்தாருன்னா?

— என்னைய வெளிய அனுப்புவாரு. தங்கராஜை அனுப்பமாட்டாரு, அந்த மெசின் வேற யாரு கைக்கும் ஓடாது.

— உங்களுக்குப் பயமா இல்லீங்களா? கல்யாணம் ஆகாத பையனாட்டத் தெரியுது. வேலை இல்லைன்னா பொண்ணு குடுக்கமாட்டாங்க.

— கவர்னரைச் சேத்துல தள்ளினவன்னு சொன்னா எவளாவது வருவாளுங்க.

— சிரிக்க வெக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லோணும். அதைக் கேட்டுட்டு அப்பறம் பக்கத்தை எடுத்துட்டுப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

— சொல்லுங்க.

— அவரு ஒண்டிக்கடைக்கும் போகல, கிளியூருக்கும் போகல. போயிச் சேந்து மூணு வருசமாச்சு. நெஞ்சு வலின்னாரு, சேலம் ஆஸ்பத்திரிக்குப் பாதி மலை எறங்கறதுக்குள்ள முடிஞ்சுது. பிரஸ்ஸுக்கு நான் சொல்லல. சொன்னா, தாஸ் போயிட்டான், கதையும் போச்சுன்னு நிறுத்திருவாருன்னு தெரியும். அடக்கம் பண்ணின மூணாம் நாளு உக்காந்து வரைஞ்சேன். அழுதுக்கிட்டேதான் வரைஞ்சேன். அவரு பேரை நானே கீழ எழுதினேன். எழுத்துக்கூட அவரு எழுத்து மாதிரியே வளைச்சுப் போடப் பழகிக்கிட்டேன்... என்ன தம்பி, பென்சிலைக் கீழ வெச்சுட்டீங்க?

— ஒண்ணுமில்லீங்க. சொல்லுங்க.

— இனிமே அந்தப் பேரை எழுதமாட்டேன். அவரு பேரை வெச்சு வாழ்ந்தது போதும்னு கோவத்துல சொல்லல. அவரே வேண்டாம்னு சொன்ன பேருதான் அது. இந்தப் பக்கம் வேணும்னா, மலருல என் பேரு வரோணும். பொடியா மூலையில இல்ல. மொதப் பக்கத்துல, கப்பல் பேருக்குக் கீழ. இல்லாட்டி துணியில சுத்தித் திரும்பப் பொட்டி மேலயே வெச்சிருங்க.

— வெக்கமாட்டேனுங்க. கட்டிக் குடுங்க.

— சும்மா சொல்லிட்டுப் போயி, அங்க போனதும் மாத்திருவீங்களா?

— மாத்தறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க.

— அப்படின்னா?... ஏனுங்க தம்பி, பேரு பேருன்னு நான் இத்தனை பேசறேன். நீங்க வந்ததுல இருந்து என் பேரு என்னன்னு ஒருக்காக் கூடக் கேக்கலையே. என்னன்னு போடுவீங்க? தாஸ் சம்சாரம்னா?

— ஜெயகுமாரின்னு அச்செழுத்துக் கோத்து வெச்சுட்டுத்தானுங்க பஸ் ஏறினேன். அண்ணனை அடக்கத்துக்கு எடுத்த அன்னிக்கு நான் பக்கம் வாங்க மலைக்கு வந்திருந்தேன். கூட்டத்தோட கல்லறை வரைக்கும் நடந்தேன், ஜெபத்துல பாதர் உங்க பேரைச் சொன்னாரு. அடுத்த மாசமும் பக்கம் சொன்ன தேதிக்கு வந்துச்சு, வரையறது நீங்கதான்னு அப்பவே புரிஞ்சுது. செத்தவரு படம் அனுப்பறாருன்னு முதலாளிகிட்ட மூணு வருசமா நானும் வாயைத் தொறக்கலீங்க... மொதப் பக்கத்துல இருந்த ‘தாஸ்’ங்கற எழுத்தை நேத்தே பிரிச்சாச்சு. ஆனா உங்க வாயால நீங்க சொல்லாம, அந்தப் பேரை மெசின்ல ஏத்த எனக்கு மனசு வரலீங்க அக்கா. அதைக் கேக்கத்தான் வந்தேன்.